சுற்றிப் போகும் நரம்பு

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பங்குனி மாதம் எதிரில் வந்தவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். பால்காரர், ஆட்டோக்காரர், எங்கள் ஸ்கூல் ஹெட்மாஸ்டர், ஒருவரும் தப்பவில்லை. காரணம் ஒன்றுதான். என் மனைவி மாரியாயியின் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள்.

தைராய்டுக் கட்டி. கழுத்தின் இரு பக்கமும் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்ச் சந்தேகம் என்று வந்தது. முழுதாக எடுத்துவிடுவதே நல்லது என்றார் புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இக்ரா. சின்ன வயசு, அமைதியான பேச்சு.

"கட்டியை எடுத்துடலாங்க. ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே ஓடுது. நாங்க பார்த்துத்தான் செய்வோம். இருந்தாலும் சில பேருக்குக் குரல் கம்மிடும், போயிடவும் போயிடும். எல்லார்கிட்டயும் சொல்றதுதான், பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னால் அங்கேதான் பயப்பட வேண்டும். ஏனென்றால் மாரியாயியின் பிழைப்பே குரல்தான். சமயபுரம் கோயில் வாசலில், காணாமல் போனவர்களுக்காக மைக்கில் அறிவிப்பவள் அவள். பூச்சொரிதல் நாளில் போயிருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். "மஞ்சப் பாவாடை போட்ட, மொட்டை அடிச்ச, நாலு வயசுப் பொண்ணு. பேரு கேட்டா பாப்பான்னு மட்டும் சொல்லுது. அம்மா எங்கிருந்தாலும் மைக் செட்டுக்கிட்ட வாங்க. பதறாதீங்க, புள்ள வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருக்கு." அந்தக் கடைசி வரியை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நெரிசலில் கதறிக்கொண்டிருக்கும் தாய், அதைக் கேட்டதும் மூச்சு விடுவாள்.

"குரல் போயிட்டா நான் யாருங்க?" என்று ஒருநாள் கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேபிள்காரனைப் போனில் திட்டினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வீரமலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. நெட்டையாக இருப்பதால் அல்ல, நான் வருஷா வருஷம் நடத்தும் ஒரு பாடத்தால். மூளையிலிருந்து குரல்வளைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் அங்கே போகும் நரம்பு நேராகப் போகாது. கழுத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் இறங்கி, ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வரும். ஒட்டகச்சிவிங்கிக்கும் அப்படித்தான், அவ்வளவு நீளக் கழுத்து முழுக்க இறங்கி ஏறும். ஏன்? கருவில் நமக்கும் மீனைப் போலக் கழுத்தில் செவுள் வளைவுகள் தோன்றுகின்றன. அப்போது நரம்பு ரத்தக்குழாய்க்குக் கீழே, பக்கத்திலேயே நேராகத்தான் போகிறது. பிறகு கழுத்து நீள்கிறது, இதயம் கீழே இறங்குகிறது, ரத்தக்குழாய் நரம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. அறுத்து ஒட்ட வழியில்லை. கரு ஒவ்வொரு நாளும் உயிரோடு இருந்தாக வேண்டுமே.

"உடம்பை இன்ஜினியர் பிளான் போட்டுக் கட்டலடா. நம்ம வீடு மாதிரி, உள்ளே குடியிருந்துக்கிட்டே கட்டினது" என்பேன். என் வீட்டைத்தான் சொல்வேன். மேலூர் ரோட்டில் கையில் காசு வரவர ஒவ்வோர் அறையாகக் கட்டிய வீடு. தண்ணீர்த் தொட்டி வாசல் பக்கம், பாத்ரூம் கொல்லைப் பக்கம், குழாய் வீட்டையே பிரதட்சிணம் செய்யும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் வைஷ்ணவி என்ற மாணவி சிரிக்காமல் எழுந்து நின்றாள். "சார், யாருக்காவது அந்த நரம்பு சுத்தாம நேரா போனா? அவங்க உடம்பு நம்மளத விட நல்ல உடம்பா?"

"ஆமா, அவங்க கழுத்துல மட்டும் பிரம்மா பாஸ் ஆயிட்டாரு" என்று சொல்லி உட்கார வைத்தேன். வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அப்படிச் சிலர் இருக்கிறார்கள், மிகச் சிலர். வலது பக்க ரத்தக்குழாய் கருவிலேயே தன் இடத்தில் அமையாமல், உணவுக்குழாய்க்குப் பின்னால் புகுந்து போய்விடும். சுற்றிக்கொள்ள ரத்தக்குழாய் இல்லாததால் நரம்பு நேர்வழியில் போய்விடும். மிச்சத்தையும் படித்தேன். கழுத்து ஆபரேஷனில் ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான். நரம்பு இருக்காது என்று டாக்டர்கள் நினைக்கும் இடத்தில் அது இருக்கும்.

இது எனக்கு உடனே புரிந்தது. போன வருஷம் பிளம்பர் ஒருவன் என்னிடம் சொல்லாமல் சுவருக்குள்ளேயே ஒரு குறுக்குக் குழாய் போட்டுவிட்டுப் போனான். தண்ணீர் ஜோராக வந்தது. தீபாவளிக்குச் சாமி படம் மாட்ட ஆணி அடித்தேன், கூடத்தில் வெள்ளம். பழைய குழாய் எங்கெல்லாம் சுற்றிப் போகிறது என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். நேர்க்குழாய்தான் தெரியாது.

மிகச் சிலருக்குத்தானே என்று, படித்ததை அத்தோடு மறந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் மாரியாயியை அட்மிட் செய்தோம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி அவள் பச்சைப் பட்டினி விரதத்தில் இருந்தாள். மக்களுக்காகச் சமயபுரத்தாளே சோறு தண்ணி விட்டு விரதம் இருக்கும் மாதம் அது. அம்மனுக்கு வெல்லம் கலந்த பச்சரிசித் துள்ளுமாவும் இளநீரும் பானகமும்தான் படையல். கூடவே விரதம் இருப்பவர்களும் அடுப்பில் ஏறியதைத் தொட மாட்டார்கள். பங்குனிக் கடைசி ஞாயிறு வரைக்கும் மாரியாயிக்கு நீர்மோரும் இளநீரும் கரைத்த மாவும்தான். ஆபரேஷனை வைத்துக்கொண்டு எதற்கடி பட்டினி என்று கத்திப் பார்த்தேன். கேட்டால்தானே.

துணைக்கு மண்ணச்சநல்லூரிலிருந்து அவளுடைய அக்கா ஆனந்தவள்ளி வந்திருந்தார். எனக்கு இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாரியாயியை ரத்தப் பரிசோதனைக்குக் கீழே கூட்டிப்போயிருந்தார்கள். நான் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன்.

"விரதத்தைக் கொற சொல்லாதீங்க தம்பி" என்றார் அக்கா. "அந்த விரதந்தான் இவளக் காப்பாத்துச்சு. உங்களுக்குத் தெரியாதுல்ல. சின்னதுல இவளுக்குச் சோறே எறங்காது. ஒரு வாய் சோத்துக்கு ஒரு சொம்பு தண்ணி குடிப்பா. கொழுக்கட்டைய வாயில வச்சா கண்ணு பிதுங்கும். எங்கம்மா அடிக்காத அடி இல்ல. பத்து வயசுல ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டு விரதம் இருக்க ஆரம்பிச்சா. ஆத்தா சரி பண்ணிட்டா. அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தொண்டையில சிக்குதுன்னு இவ வாயிலேர்ந்து வந்ததில்ல. இவளப் பாத்துத்தான் எங்க தெருவே விரதம் இருக்குது."

இட்லி என் கையிலேயே நின்றுவிட்டது.

பத்து வயசு. அப்போது கட்டி ஏது? கட்டி வந்து இரண்டு வருஷம்தான். பத்து வயசுப் பெண்ணின் தொண்டையில் எது அடைத்தது?

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எங்கள் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுத்தபோது அவளுக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. பொண்ணுக்கு வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டு நான் பார்த்திருக்கிறேனா? எனக்குப் பரிமாறி, நான் கை கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவள் தட்டு எடுப்பாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செவ்வாய் வெள்ளி விரதம், கார்த்திகை விரதம். மிச்ச நாளில் ரசத்தில் சோற்றைக் குழைத்து அடுப்படியில் நின்றுகொண்டே குடித்துவிடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவள் சோற்றையே விரதத்தில் மறைத்திருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வயிற்றில் புளியைக் கரைத்தது. உணவுக்குழாய்க்குப் பின்னால் புகுந்து போகும் ரத்தக்குழாய். சின்ன வயதிலிருந்து சோறு இறங்காத தொண்டை. நேராகப் போகும் நரம்பு. நாளைக் காலையில் கத்தி.

"பிரம்மா பாஸ் ஆயிட்டாரு" என்று சொன்ன வாயில் மண்ணைப் போட வேண்டும்.

மாரியாயி திரும்பி வந்ததும், அக்கா மோர் வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "உனக்கு இப்பவும் சோறு சிக்குதா?"

அவள் முகம் மாறியது. "யார் சொன்னா?"

"சிக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

கட்டிலில் உட்கார்ந்து சேலை முந்தானையைத் திருகினாள். "எப்பவுமே சிக்கும். இங்க, நெஞ்செலும்புக்குப் பின்னால. நின்னு நின்னு எறங்கும்."

"அப்புறம் ஏன் டாக்டர் கேட்டப்ப இல்லைன்ன?"

"மோர்தானே குடிச்சிக்கிட்டு இருந்தேன். மோர் சிக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா பக்கத்துல இருந்துச்சுங்க."

நான் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் கொட்டினேன். முடிந்ததும், "டாக்டர்கிட்ட போய்ப் பாடம் நடத்தாதீங்க. அந்தம்மாவுக்குத் தெரியாததா?" என்றாள்.

"தெரியும். ஆனா உன் தொண்டையப் பத்தித் தெரியாதுல்ல. நீ சொல்லணும்."

"எப்படிங்க சொல்ல?" அவள் கண் கலங்கியது. "ஆத்தா சரி பண்ணிட்டான்னு ஊரே நம்புது. அம்மா சாகுறப்பக்கூட அதச் சொல்லிச் சந்தோசப்பட்டுத்தான் செத்துச்சு. அடிக்குப் பயந்து ஆரம்பிச்சேன். விரதம்னு சொன்னா யாரும் தின்னுன்னு சொல்லல, அடிக்கல. அப்புறம் நிறுத்த முடியல. ஆத்தா வாசல்லயே உக்காந்து, ஆத்தா மைக்குலயே பேசிக்கிட்டு, ஆத்தா பேரச் சொல்லி ஊர ஏமாத்திட்டு இருக்கேன். அதுக்குத்தான் குரலக் கேக்குறா போல."

எனக்கு நரம்பைப் பற்றிப் பயம், அவளுக்கு அம்மனைப் பற்றிப் பயம். விலங்கியல் புத்தகத்தில் அதற்கெல்லாம் பாடம் கிடையாது.

"சரி, நீ சொல்லாட்டி நான் சொல்றேன்" என்று எழுந்தேன்.

டாக்டர் இக்ரா ஓ.பி. பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடந்தேன். நான் யார்? ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளைப் படம் போட்டுக் காட்டுகிறவன். போனில் நாலு எழுத்துப் படித்துவிட்டு டாக்டருக்கே புத்தி சொல்ல வரும் ஆட்களைக் கண்டால் எனக்கே பிடிக்காது. நாளைக்குக் கத்தி பிடிக்கப் போகும் கையை இன்றைக்குக் கோபப்படுத்திவிட்டால்? இவள் தொண்டையில் சிக்குவது வெறும் பயத்தால்தான் என்றிருந்துவிட்டால்? ஊர் முன்னால் அவளை அவமானப்படுத்தியதுதான் மிச்சமாகும். பாதி மனசு திரும்பிப் போ என்றது. அப்போது நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார்.

உள்ளே போய் உளறினேன். வகுப்பில் தெளிவாக வரும் பாடம் அங்கே வாயில் வரவில்லை. டாக்டர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன வயசிலிருந்தே என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கேஸ் ஷீட்ல முழுங்கறதுக்குச் சிரமம் இல்லைன்னு இருக்கே சார்."

"அவ அப்படித்தான் சொன்னா. ஆனா..."

"அவங்களையே கேக்குறேன்" என்று எழுந்து என்னோடு மேலே வந்தார்.

அறையில் ஆனந்தவள்ளி அக்கா மோர் டம்ளரோடு நின்றிருந்தார். அவரை வெளியே அனுப்ப எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பதற்றம். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "மாரியாயிம்மா, நீங்க சொல்றத வச்சுத்தான் நாளைக்கு என் கை எந்தப் பக்கம் போகணும்னு இருக்கு. விரதம் இல்லாத நாள்ல சோறு சாப்பிட்டா சிக்குமா?"

மாரியாயி அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நெடுஞ்சாலை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத மாதிரி வந்தது. "சின்னதுலேர்ந்து சிக்கும். ஒரு நாளும் சரியாகல."

மோர் டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு அக்கா வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை என்னிடம் காட்டி விரலால் ஒரு கோட்டைத் தொட்டார். "இதாங்க. கைக்குப் போற ரத்தக்குழாய். உணவுக்குழாய்க்குப் பின்னால போகுது, அதான் அழுத்துது. அப்ப வலது பக்க நரம்பு நேராத்தான் வரும்."

"முன்னாடி தெரியாம இருந்திருந்தா?"

அவர் பொய் சொல்லவில்லை. "நரம்பைத் தேடாம நான் கட்டியைத் தொட மாட்டேன். ஆனா எப்பவும் இருக்கிற எடத்துலதான் தேடியிருப்பேன். அது அங்க இல்லாம, தேடுறப்பவே குறுக்க வர்ற நரம்பு மேலயே கை பட்டிருக்கலாம். இப்பத் தெரியும். தெரிஞ்சாலும் அது நூல் மாதிரி இருக்கும் சார், இழுபட்டாலே போதும். சத்தியம் பண்ணிக் குடுக்க முடியாது."

உறுதியாகத் தெரிந்துவிட்டால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. சந்தேகமாக இருந்தவரை, இருக்காது என்று நினைத்துக்கொள்ளவாவது இடம் இருந்தது.

காலையில் பச்சை கவுன் மாட்டி அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவு வரைக்கும் போனேன். அவள் ஏதாவது பேசுவாள், அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன். "கேஸ் அடுப்ப மூடிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். கடைசியாகக் கேட்ட குரல் அதுவாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். கதவு மூடிக்கொண்டது.

வராந்தாவில் ஒரு கோடியில் நான், மறு கோடியில் ஆனந்தவள்ளி அக்கா. முந்தின நாளிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை. நான் கண்ணை மூடினால் கழுத்துக்குள் வெளிச்சம் அடித்தது, ஒரு வெள்ளை நூல் தெரிந்தது, அதன் பக்கத்தில் கத்தி. இத்தனை வருஷம் அந்த நரம்பு சுற்றிப் போகிறதே என்று கேலி செய்து பிழைத்தவன் நான். என் மனைவிக்கும் அது எல்லாரையும் போலச் சுற்றியே போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். பழுதோ ஒட்டோ, ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் டாக்டரின் கைக்கு வழி தெரியும். வைஷ்ணவி இப்போது வந்து அதே கேள்வியைக் கேட்டால், நல்ல உடம்பு எது என்று எனக்குத் தெரியாது, உட்காரம்மா என்றுதான் சொல்வேன்.

டாக்டர் வெளியே வந்தபோது முகமூடியைக் கழற்றினார். "ரெண்டு பக்கமும் எடுத்தாச்சு. வலது நரம்பு குறுக்கால நேரா வந்துச்சு சார். கட்டி அதையும் சேர்த்து ஒட்டியிருந்துச்சு, கொஞ்சம் பிரிக்க வேண்டியிருந்தது. அறுபடல. ஆனா வேலை செய்யுதான்னு அவங்க பேசினாத்தான் தெரியும்."

மதியத்துக்கு மேல் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் பட்டையாகக் கட்டு, பக்கத்தில் ஒரு டியூப். கண் திறந்திருந்தாள். வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. எனக்கு உடனே புரிந்தது. பேசிப் பார்த்தால்தானே போய்விட்டது என்று தெரியும். பேசாதவரை போகவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. போர்வையைச் சரி செய்தேன், ஃபேனைக் குறைத்தேன், கூட்டினேன். இரண்டு பேரும் அந்த அறையில் திருடர்கள் மாதிரி சத்தம் போடாமல் இருந்தோம். நர்ஸ் வந்து பேசச் சொன்னதற்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆனந்தவள்ளி அக்கா வந்தார். கையில் தூக்குவாளி. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். நொய்யரிசிக் கஞ்சி, தண்ணியாக, ஆவி பறக்க. கேன்டீன்காரர்களிடம் சண்டை போட்டு அவரே நின்று குழைய வேக வைத்திருக்கிறார்.

"டாக்டரக் கேட்டுட்டேன், குடுக்கலாமாம்" என்றார் தங்கையிடம். குரல் உடைந்திருந்தது. "இனிமே விரதம்லாம் வேணாம் ஆயி. சிக்காம நான் கரைச்சுத் தரேன். அம்மா உன்ன அடிச்சதெல்லாம் நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்." ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி வாயருகே நீட்டினார்.

மாரியாயி அந்த ஸ்பூனையே பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, சத்தம் இல்லை. எச்சில் விழுங்கினாள், முகம் சுளித்தாள், மறுபடி திறந்தாள்.

"வேணாங்க்கா." கரகரவென்று, மழையில் நனைந்த ஸ்பீக்கர் மாதிரி வந்தது. ஆனால் வந்தது. அடுத்த வார்த்தையில் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. "கடைசி ஞாயிறு வரைக்கும் எளநி போதும். இந்த வருசந்தான் நெசமா விரதம் இருக்கேன்."

அக்கா ஸ்பூனைத் தூக்குவாளியில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கோபப்பட ஒருவரும் கிடைக்கவில்லை.

"பதறாதீங்க" என்றாள் மாரியாயி என்னைப் பார்த்து, அதே கரகரப்பில். "கஞ்சி ஆறுதுல்ல, நீங்க குடிங்க."

வராந்தாவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து தூக்குவாளியோடு குடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வாயும் எங்கும் நிற்காமல் இறங்கியது.